ஊசி வந்துவிட்டது என்று சொன்னவள்

2021 அக்டோபர் 7-ஆம் தேதி காலையில் ஒரே செய்தியைக் குறைந்தது பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்: மலேரியாவுக்கு ஊசி வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஒரு மலேரியா தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் பரவலாகப் போடலாம் என்று பரிந்துரைத்தது அதற்கு முந்தைய நாள்தான். மண்டபம் ஊருக்குப் போகும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளி ஆசிரியையிடம் சொன்னேன். மருந்து கொடுக்கும் தம்பியிடம் சொன்னேன். ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்களிடமும் சொன்னேன். இந்தக் கரையோரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரத்தத் தடவல்களை நுண்ணோக்கியில் பார்த்து, "பி.வி.", "பி.எஃப்." என்று மலேரியாக் கிருமியின் இனத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வக உதவியாளர் நான். என் வேலைக்கே ஒருநாள் முடிவு வரும் என்ற செய்தியை அவ்வளவு சந்தோஷமாகப் பரப்பியவள் நானாகத்தான் இருப்பேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அதை நினைக்கும்போதெல்லாம் ஒரு கூச்சம் வருகிறது. அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெளிவாகப் பல மாதங்கள் ஆயின.

அடுத்த வாரமே பாசி எடுக்கும் அக்கா ஒருவர் காய்ச்சலோடு வந்தார். பாம்பன் பக்கத்து மீனவக் குடியிருப்பைச் சேர்ந்தவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடியுமுன்பே வள்ளம் ஏறித் தீவுகளுக்குப் போய், மூச்சைப் பிடித்து மூழ்கிப் பாறைகளில் ஒட்டியிருக்கும் பாசியைப் பறிப்பவர்களின் கைகளை நீங்கள் பார்த்திருந்தால், நான் அடுத்துச் சொல்லப்போவது புரியும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். அப்படியும் பாறை அறுத்துவிடும். எங்கள் வழக்கப்படி இடது கை மோதிர விரலின் நுனியைப் பஞ்சால் துடைத்துக் குத்த வேண்டும். அந்த அக்காவின் மோதிர விரலில் ஆறாத வெட்டு ஒன்று இருந்தது; நடுவிரலின் தோல் உப்பில் ஊறித் தடித்து, ஊசியை ஏற்காது போல இருந்தது. நான் ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சிரித்துவிட்டார். "எந்த விரல்ல வேணும்னாலும் குத்து தாயி, எல்லாம் பாறை குத்துன விரல்தான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊசி வந்துருச்சுன்னு சொன்னியாமே, அதைப் போட்டுவிட்டுரு. இந்த வருசத்துல இது மூணாவது காய்ச்சல்" என்றார்.

"பார்க்கலாம்க்கா" என்று மட்டும் சொன்னேன். தடவலைக் காயவைத்துச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை. சிவப்பணு தன் பக்கத்து அணுக்களைவிட வீங்கியிருந்தது. உள்ளே நீல வளையம் ஒழுங்கான வட்டமாக இல்லாமல், நீர் பட்டுக் கலைந்த கோலம் போல இழுபட்டுக் கிடந்தது. வைவாக்ஸ். எங்கள் மொழியில் பி.வி. ஏப்ரலிலும் ஜூலையிலும் அதே பெயருக்கு எதிரே நானே எழுதியதும் அதுதான். உலகமே பேசிக்கொண்டிருந்த ஊசி, ஃபால்சிபாரம் என்ற வேறோர் இனத்துக்கானது. எங்கள் தடவல்களில் அது வருவதே அபூர்வம். வாழைப்பழம் போல வளைந்த அதன் வடிவத்தை நான் கண்ணால் பார்த்த தடவைகளில் பாதிக்கு மேல் மங்களூர்ப் பக்கமோ வேறு மாநிலங்களிலோ தங்கி வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஆட்களுடையவை. ஃபால்சிபாரத்தின் புரதத்தைக் கொண்டு செய்த ஊசி வைவாக்ஸைத் தடுக்காது. இது எனக்குப் பயிற்சிக் காலத்திலிருந்தே தெரிந்த பாடம்தான். தெரிந்திருந்தும் பத்துப் பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

36 என்ற எண்

அந்த வாரத்தில் எனக்கு இரண்டு விதமான எரிச்சல்கள் இருந்தன. ஒன்று என்மீது. மற்றது, கைப்பேசியில் வந்து விழுந்த கேலிப் பதிவுகள்மீது. "முப்பது ஆண்டு ஆராய்ச்சி செய்து 36 சதவீதம்தான் வேலை செய்யும் ஊசியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், இதைவிட வேப்பெண்ணெய் தேவலை" என்கிற வகை. முதல் எரிச்சல் நியாயமானது. இரண்டாவதைப் பற்றி எனக்கு இன்றும் அழுத்தமான கருத்து உண்டு.

ஆர்.டி.எஸ்.,எஸ் என்ற அந்தத் தடுப்பூசியின் வேலை 1980களில், பின்னாளில் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் ஆன நிறுவனமும் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆராய்ச்சி நிலையமும் கூட்டாகத் தொடங்கியது. ஒட்டுண்ணியின் மேற்பரப்பைப் போர்வை போல மூடியிருக்கும் ஒரு புரதத்தின் துண்டை எடுத்து, மஞ்சள் காமாலை பி வைரஸின் மேலுறைப் புரதத்தோடு ஒட்டி, ஈஸ்டில் வளர்த்தெடுத்தார்கள். அதனோடு உடலை உசுப்பிவிடும் துணை மருந்து ஒன்றும் சேர்க்கப்பட்டது. அதன் முக்கியப் பகுதி சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுக்கும் சப்போனின். நம் பூவந்திக்கொட்டையைத் தண்ணீரில் தேய்த்தால் நுரை வருகிறதே, அதே குடும்பத்துப் பொருள். 1997-ல் வெளியான ஒரு சிறு சோதனையில், தாமாக முன்வந்து தொற்றுள்ள கொசுக்களிடம் கையைக் கொடுத்த 7 பேரில் 6 பேருக்கு நோய் வரவில்லை. அதன்பின் ஆப்பிரிக்காவின் 7 நாடுகளில் 11 இடங்களில், 2009 முதல் 2014 வரை, 15,459 குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஐந்து மாதத்துக்கும் பதினேழு மாதத்துக்கும் இடைப்பட்ட வயதில் ஊசி போடத் தொடங்கி, நான்கு தவணையும் பெற்ற குழந்தைகளிடம் நான்கு ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் 36 விழுக்காடு குறைந்தது. கேலி செய்தவர்கள் எடுத்துக்கொண்ட எண் இதுதான்.

அதே சோதனையில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. நான்கு தவணையும் போட்ட ஒவ்வொரு 1,000 குழந்தைகளுக்கும், அந்த நான்கு ஆண்டுகளில் தவிர்க்கப்பட்ட காய்ச்சல்கள் 1,774. குழந்தைகளின் எண்ணிக்கையைவிடத் தவிர்க்கப்பட்ட காய்ச்சலின் எண்ணிக்கை அதிகம். இது எப்படிச் சாத்தியம் என்று முதலில் நானும் தடுமாறினேன். ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் மலேரியா வரும் ஊர்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பது உறைத்தபோதுதான் கணக்கு விளங்கியது. தமிழ்நாடு முழுவதுமே ஆண்டுக்குச் சில நூறு பேருக்கு வந்தால் அதிகம் என்ற நிலையில் இருந்துகொண்டு, ஒரு தெருவுக்கே அத்தனை பேர் படுக்கும் ஊர்களுக்கான ஊசியை நாம் சதவீதம் வைத்து எடைபோடுகிறோம். 2023-ஆம் ஆண்டில் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 5,97,000 பேர். நூற்றில் 95 பேர் ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அங்கே இறப்பவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். மலாவி, கானா, கென்யா ஆகிய மூன்று நாடுகளிலும் 2019 முதல் நடந்த முன்னோட்டத் திட்டத்தில், ஊசி போட்ட பகுதிகளின் குழந்தை இறப்பு, எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் பார்த்தாலும், 13 விழுக்காடு குறைந்தது. நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணியே பிழைப்பவள் என்பதால் சொல்கிறேன், 36 என்பது நேர்மையான எண். தன் அளவை மறைக்காத எண். நூறு என்று சொல்லிக்கொண்டு வரும் எதையும் நான் இனி நம்பத் தயாராக இல்லை.

இரண்டாவது ஊசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாளிதழ்களிலேயே எல்லோரும் படித்திருப்பீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கி, புனேயில் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21, 2023 அக்டோபர் 2-ஆம் தேதி பரிந்துரை பெற்றது. மழைக்காலத்துக்கு முன்பே போட்டால் ஓராண்டில் முக்கால் பங்கு காய்ச்சலைத் தடுக்கிறது. அப்போது சொன்ன விலை தவணைக்கு 2 முதல் 4 டாலர். முதல் ஊசியின் மிகப் பெரிய இடையூறு அறிவியலைவிடத் தட்டுப்பாடுதான்: 2023 முதல் 2025 வரை 12 நாடுகளுக்குச் சேர்த்து 1 கோடியே 80 லட்சம் தவணைதான் ஒதுக்க முடிந்தது. புனேயில் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி தவணை தயாரிக்க முடியும் என்றார்கள். நம் நாட்டில் தயாராகி வெளிநாட்டுக் குழந்தைகளைக் காக்கப் போகும் ஊசி அது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் மூன்றாவது தடவையாகக் காய்ச்சலோடு வந்து நிற்கும் அக்காவின் முன்னால் அந்தப் பெருமையை எந்த முகத்தோடு சொல்வது?

வளர்க்க முடியாத கிருமி

நமக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு ஒரு கோபமான விடை தயாராக இருந்தது. அதை நான் சில மாதங்கள் முழுமையாக நம்பினேன். வைவாக்ஸ் கொல்வது குறைவு. படுத்த படுக்கையாக்கி, ரத்தத்தைக் குறைத்து, கூலியைக் கெடுத்துவிட்டுப் போகும். கொல்லாத நோய்க்கு, அதுவும் பாசி எடுக்கிறவர்களுக்கும் படகில் போகிறவர்களுக்கும் வருகிற நோய்க்கு, யார் காசு போடுவார்கள்? இந்த விடையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க, என் கோபம் பாதி வழியிலேயே நின்றுபோனது.

பொதுவாகத் தடுப்பூசி என்பது இயற்கை செய்வதைப் பார்த்துச் செய்வது. தட்டம்மை ஒருமுறை வந்து போனவருக்கு வாழ்நாள் முழுக்க மறுபடி வருவதில்லை. அந்த வைரஸ் தயாரிக்கும் புரதங்களே எட்டுதான். அதில் எதைக் காட்டி உடலைப் பழக்க வேண்டும் என்பது தெளிவு. மலேரியா ஒட்டுண்ணிக்கு 5,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள். கொசுவின் எச்சிலோடு தோலில் இறங்கும்போது ஓர் உருவம், கல்லீரலில் இன்னோர் உருவம், ரத்தத்தில் வேறொன்று, மறுபடி கொசுவுக்குள் போக வேறொன்று. ஒவ்வொன்றும் உடலுக்குக் காட்டும் முகம் வேறு. தோலில் இறங்கியதிலிருந்து கல்லீரலுக்குள் ஒளிவது வரை இருக்கும் நேரத்தைச் சில மணிக்குள் அடக்கிவிடலாம். அந்த இடைவெளியில் எல்லாவற்றையும் பிடித்தாக வேண்டும். ஒன்று தப்பினாலும் அது கல்லீரலில் பல ஆயிரமாகப் பெருகி ரத்தத்துக்கு வந்துவிடும். ரத்தத்துக்கு வந்தபின் பிடிக்கலாம் என்றால், சிவப்பணுவுக்குள் புகுந்த ஃபால்சிபாரம், ஏறத்தாழ 60 மரபணுக்களை வைத்துக்கொண்டு, அணுவின் மேல் காட்டும் அடையாளத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். இயற்கையே இந்த நோய்க்கு முழுப் பாதுகாப்புத் தருவதில்லை. பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கடிபட்டவர்களுக்குக்கூட நோயின் கடுமை குறையுமே தவிர, ஒட்டுண்ணி நுழைவது நிற்பதில்லை. இயற்கையால் முடியாததை ஊசியிடம் கேட்கிறோம்.

முடியும் என்பதற்கு ஒரே ஒரு பழைய சாட்சி உண்டு. 1967-ல் ரூத் நுசென்ஸ்வைக் என்ற ஆராய்ச்சியாளர், கதிர்வீச்சால் பலவீனப்படுத்திய ஒட்டுண்ணிகளை எலிகளுக்குச் செலுத்தி, அவை பின்பு நோய்க்கு ஆளாகாததைக் காட்டினார். 1970களில் மனிதர்களிடமும் அது பலித்தது; ஆனால் அதற்குக் கதிர்வீச்சுப் பட்ட கொசுக்கள் ஒருவரை ஆயிரம் தடவை அளவுக்குக் கடிக்க வேண்டியிருந்தது. பின்னாளில் அமெரிக்காவில் ஒரு நிறுவனம், கொசுக்களின் உமிழ்நீர்ச் சுரப்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அவற்றிலிருந்து ஊசி மருந்து தயாரித்தது; அதைத் திரவ நைட்ரஜனில் பாதுகாக்க வேண்டும், ரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரை மணலில் நடந்து போய்ச் சொட்டு மருந்து கொடுக்கும் எங்கள் கிராமச் செவிலியரை நினைத்துப் பார்த்தேன்.

இவை எல்லாம் இரு இனங்களுக்கும் பொதுவான இடையூறுகள். வைவாக்ஸுக்கு மட்டும் உரிய இடையூறு ஒன்று உண்டு. அதைப் படித்த இரவில்தான் என் கோபம் நின்றது. ஃபால்சிபாரத்தை ஆய்வகத்தில், மனித ரத்தத்தில் தொடர்ந்து வளர்க்கும் வழியை 1976-ல் நியூயார்க்கில் டிரேகரும் ஜென்சனும் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு உலகில் எந்த ஆய்வகத்திலும் அதை வளர்த்து, மருந்தைச் சோதித்து, மரபணுவை மாற்றிப் பார்க்க முடிந்தது. வைவாக்ஸை அப்படித் தொடர்ந்து வளர்க்க இன்றுவரை நம்பகமான வழி இல்லை. அது எல்லாச் சிவப்பணுவுக்குள்ளும் நுழைவதில்லை. எலும்பு மச்சையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இளம் அணுக்களையே தேடும். ரத்தத்தில் அவை நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். ஆராய வேண்டுமானால் காய்ச்சலோடு வரும் நோயாளியின் ரத்தத்தைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் ஒவ்வொரு நாளும் கண்ணாடித் துண்டில் பார்த்துவிட்டுக் கழுவிப் போட்டுவிடும் கிருமியை உலகின் பெரிய ஆய்வகங்கள் வளர்க்க முடியாமல் நிற்கின்றன என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

ஆனாலும் முயற்சி நின்றுவிடவில்லை. வைவாக்ஸ் சிவப்பணுவுக்குள் நுழைய, அணுவின் மேலிருக்கும் டஃபி என்ற புரதத்தைக் கதவாகப் பயன்படுத்துகிறது. மேற்கு ஆப்பிரிக்க மக்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கதவே இல்லை. அதனால் அங்கே வைவாக்ஸ் மிகக் குறைவு. அந்தக் கதவைத் திறக்கும் சாவியாக ஒட்டுண்ணி வைத்திருக்கும் புரதத்தைக் கொண்டு டெல்லியில் தொடங்கிய ஆராய்ச்சி, ஆக்ஸ்ஃபோர்டில் தன்னார்வலர்களிடம் சோதனையாகி, 2023-ல் முடிவு வெளிவந்தது: ரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகும் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பாதி. மறுபடியும் நேர்மையான எண்தான். 2025-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தான் உருவாக்கியதாக அறிவித்த ஆட்ஃபால்சிவேக்ஸ் தடுப்பூசியும், பெயரிலேயே சொல்வதுபோல, ஃபால்சிபாரத்துக்கானதே.

சுருக்குப்பை

இவ்வளவையும் படித்தது பிற்பாடு. அந்த அக்டோபர் மாதத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

முடிவைச் சொன்னதும் அந்த அக்கா, "அப்ப ஊசி கிடையாதா?" என்று கேட்டார். இந்த ஊசி வேறு வகை மலேரியாவுக்கு, ஆப்பிரிக்காவில் குழந்தைகளுக்கு என்று விளக்கினேன். அவர் மறுத்து எதுவும் பேசவில்லை. ஒருமுறை தலையை அசைத்துவிட்டு, "போன தடவை கொடுத்த மாத்திரையே இருக்கு, அதைப் போட்டுக்கிறேன்" என்று இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலைக் காம்பு, பாக்குத் துண்டு, மடித்த பத்து ரூபாய்த் தாள் இவற்றுக்கு நடுவிலிருந்து, வியர்வையில் பளபளப்புப் போன மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். பிரைமாக்வின். நாளுக்கு 2 வீதம் 14 நாளுக்கு 28 மாத்திரை. எண்ணினேன், 22 இருந்தன. மூன்று நாள் சாப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். ஏப்ரலில் கொடுத்ததன் மிச்சம் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது என்றும் சொன்னார்.

வைவாக்ஸ், கல்லீரலில் இறங்கிய தன் ஆட்களில் சிலரைத் தூங்கவைத்துவிடும். வாரங்களோ மாதங்களோ கழித்து அவை விழித்து ரத்தத்துக்கு வரும். இதற்குப் புதிதாக ஒரு கொசு கடிக்க வேண்டிய தேவையே இல்லை. மலேரியா ஒட்டுண்ணி கல்லீரலில் தங்குகிறது என்பதை 1948-ல் கண்டு சொன்னவர்களில் ஒருவரான ஹென்றி ஷார்ட், முன்பு சென்னை கிண்டியில் கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். ரத்தத்தில் இருப்பதைக் குளோரோகுயின் மூன்றே நாளில் தீர்த்துவிடும், காய்ச்சல் நின்றுவிடும், கல்லீரலில் தூங்குவதைத் தீர்க்கத்தான் பதினான்கு நாள். பப்புவா நியூ கினி குழந்தைகளிடம் நடந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே வரும் வைவாக்ஸ் தொற்றுகளில் ஐந்தில் நான்கு இப்படி விழித்தெழுந்தவைதான் என்று கணக்கிட்டது. இந்த அக்காவுக்கு வந்த மூன்று காய்ச்சலும் ஒரே கடியாகவே இருந்திருக்கலாம். நாளையே வைவாக்ஸுக்கு அருமையான ஓர் ஊசி வந்தாலும், ஏற்கெனவே கல்லீரலில் தூங்கிக்கொண்டிருப்பதை அது எழுப்பவும் செய்யாது, கொல்லவும் செய்யாது. அவருக்கு வேண்டியிருந்தது அவருடைய இடுப்பிலேயே, வெற்றிலையோடு இருந்தது.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். கேட்ட தொனி சரியில்லை. அதட்டல் போல ஒலித்தது. அவர் பதில் சொல்லத் தயங்கினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். காலை நான்கு மணிக்கு எழுந்து வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வள்ளம் ஏறுவார். தண்ணீரில் மூழ்கி எழும்போது வயிற்றைப் பிடுங்கும், குமட்டும், ஒரு மூச்சில் பறிக்கும் பாசி பாதியாகிவிடும். பாசி எடுக்கும் நாட்களே மாதத்தில் பாதிக்கும் குறைவு. காய்ச்சல்தான் நின்றுவிட்டதே, மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு வைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கு வர ஒருநாள் கூலி மிச்சம். இதில் எந்த இடத்தில் அவர் தவறாக யோசித்தார் என்று என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. பிரைமாக்வினை வெறும் வயிற்றில் போடக்கூடாது, சாப்பிட்டபின் போட வேண்டும். அட்டையைக் கையில் கொடுத்தபோது யாரும் அதைச் சொல்லவில்லை. "யாரும்" என்பதில் நானும் அடக்கம். இரண்டு தடவையும் பதிவேட்டில் பி.வி. என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு அடுத்த தடவலுக்குப் போனவள் நான்.

எங்கள் வாடியின் மேட்டிலிருந்து வெளிச்சமான நாட்களில் கடலைப் பார்த்து நிற்கும்போது, அக்கரையைப் பற்றி நினைக்காமல் இருக்க முடிவதில்லை. 1934-35-ல் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. பிறகு டி.டி.டி. தெளித்து, நோய் கண்டவர்களின் எண்ணிக்கையை 1963-ல் 17 பேராகக் குறைத்தார்கள். தீர்ந்தது என்று தளர்ந்தார்கள். 1969-க்குள் அந்த எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. மறுபடி தொடங்கி, போருக்கு நடுவிலும் விடாமல் செய்து, 2012-க்குப் பிறகு உள்ளூர்த் தொற்று ஒன்றுகூட இல்லை என்று காட்டி, 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றைப் பெற்றார்கள். எந்த ஊசியும் இல்லாமல். காய்ச்சல் கண்ட ஒவ்வொருவரின் ரத்தத்தையும் பார்த்து, கண்டவருக்கு முழுமையாக மருந்து கொடுத்து, அவர் சாப்பிட்டாரா என்று திரும்பப் போய்ப் பார்த்து. அதே கொண்டல் காற்று, ஏறத்தாழ அதே மணல். இங்கேயும் சவுக்குக் கன்றுக்கும் தென்னைக்கும் தண்ணீர் மொள்ள மணலில் தோண்டிவைக்கும் குழிகளில் கொசுப்புழு இருக்கிறதா என்று பணியாளர்கள் கரண்டியால் மொண்டு பார்க்கிறார்கள். கிணறுகளில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடுகிறார்கள். நம் பக்கத்தில் வேலை நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். திரும்பப் போய்ப் பார்ப்பதுதான் கொஞ்சம் குறைவு.

அந்த அக்காவுக்கு மருத்துவர் புதிதாக மருந்து எழுதினார். இந்த மாத்திரை சில பரம்பரைக் குறை உள்ளவர்களுக்கு ரத்தத்தை உடைத்துவிடும் என்பதால், சிறுநீர் கறுத்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் சொன்னது ஒன்றே: காலையில் வேண்டாம், ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு போடுங்கள். பாசிக்குப் போகும் நாளிலும் ராத்திரிச் சோறு உண்டுதானே? பிறகு, என் வேலையில் இல்லாத ஒன்றைச் செய்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் அவர்கள் குடியிருப்பில் பேருந்தை விட்டு இறங்கிவிடுவேன். முதல் நாள் அவருக்குச் சங்கடமாக இருந்தது. அக்கம்பக்கத்தார் என்ன ஏதென்று விசாரித்தார்கள். நான்காம் நாளிலிருந்து என்னைப் பார்த்ததும் பேத்தி உள்ளே ஓடிப்போய் அட்டையை எடுத்துவந்து காட்டத் தொடங்கினாள். ஒன்பதாம் நாள் போக முடியவில்லை. பத்தாம் நாள் போனபோது இரண்டு நாளுக்குரிய குழிகளும் காலியாக இருந்தன. ஒன்பதாம் நாள் மாத்திரையை அவர் சாப்பிட்டாரா, எனக்காகப் பிய்த்துப் போட்டாரா என்று நான் கேட்கவில்லை.

பதினான்காம் நாள் முடிந்து மறுநாள் காலையில் அவரே சுகாதார நிலையத்துக்கு வந்தார். காலி அட்டைகளைச் சுருக்குப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "இதையும் எழுதிக்கிட்டியா?" என்றார். பதிவேட்டில் அதற்கென்று கட்டம் எதுவும் இல்லை. குறிப்புப் பகுதியில், 28 மாத்திரையும் முடிந்தது என்று எழுதி, அவருக்கு வாசித்தும் காட்டினேன். தொடர் பரிசோதனைக்கு இன்னொரு தடவல் எடுக்க வேண்டும் என்றதும் இடது கையை நீட்டினார். மோதிர விரலின் வெட்டு ஆறியிருந்தது. முந்தைய நாள் பாறையில் கிழித்த புதிய வெட்டு ஒன்று நடுவிரலில் இருந்தது.